விட்டல் விகாரத்திலிருந்து யாதவகிரி வரை: மைசூரு வீடுகளுக்குள் இசை வந்த கதை

1935ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், மைசூர் மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தம் வீட்டிலிருந்து ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அவ்வீட்டின் பெயர் விட்டல் விகார். இன்றைய மைசூரு வானொலி நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த வீடு அது. அவர் முதலில் பயன்படுத்திய ஒலிபரப்பியின் திறன் 30 வாட். இக்காலத்து வரவேற்பறைகளில் தொலைக்காட்சிக்குக் கீழே கிடக்கும் ஒலிபெருக்கிப் பட்டைகள் பலவும் இதைவிடக் கூடுதலான மின்திறன் கொண்டவை. அந்த 30 வாட்டைக் கொண்டு ஒரு மனிதர் தம் வீட்டு அறையில் நிகழ்ந்த பாட்டையும் பேச்சையும் ஊரார் வீட்டு அறைகளுக்குக் கொண்டு சேர்த்தார். நிலையத்திற்கு இடப்பட்ட பெயர் ‘ஆகாசவாணி’. அப்பெயரைச் சூட்டியவர் கோபாலசுவாமியா, அவருக்குத் துணை நின்ற நா. கஸ்தூரியா என்பதில் இன்றளவும் இருவேறு கருத்துகள் உண்டு. 1950களின் இரண்டாம் பாதியில் இந்திய அரசு தன் வானொலி முழுமைக்கும் அதே பெயரை எடுத்துக்கொண்டது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

ஓர் இடத்தில் பிறக்கும் இசையை ஒரே நேரத்தில் பல அறைகளில் கேட்கச் செய்வது இன்று கைப்பேசியில் விரலால் தொட்டு முடிக்கும் வேலையாகிவிட்டது. கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, மாடியில் ஒன்று என ஒலிபெருக்கிகளை வைத்து, எங்கோ உள்ள கணினியிலிருந்து வரும் பாட்டை எல்லாவற்றிலும் ஒருசேர ஒலிக்கவிடுகிறார்கள். இது நேற்று முளைத்த ஆசை அன்று. 1881இல் பாரிசு மின்சாரக் கண்காட்சியில் கிளெமென் அதேர் என்னும் பொறியாளர், இசை நாடக அரங்கின் மேடையில் ஒலிவாங்கிகளைப் பொருத்தித் தொலைபேசிக் கம்பி வழியே வேறோர் அறையில் இருந்தோரைக் கேட்கச் செய்தார். 1890 முதல் அது ‘தியாத்ரோஃபோன்’ என்ற பெயரில் சந்தா கட்டிக் கேட்கும் சேவையாயிற்று. எழுத்தாளர் மார்செல் புரூஸ்த் அதன் சந்தாதாரர்களுள் ஒருவர். புடாபெஸ்டில் 1893இலும் லண்டனில் 1895இலும் இத்தகைய சேவைகள் தோன்றின. மாதச் சந்தாவுக்கு இசை என்பதை இருபத்தோராம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பாகக் கருதுவோர் இந்த ஆண்டுகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

மைசூரில் இசை வீட்டுக்குள் வந்த வழி வேறு. அங்கு இசை முதலில் அரண்மனையின் சொத்து. நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சியில் வீணை சேஷண்ணா, வாசுதேவாச்சாரியார், திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் ஆகியோர் அரசவையை அலங்கரித்தனர். அதே அரண்மனையில் ஐரோப்பிய இசைக்குழு ஒன்றும் இருந்தது. அரண்மனைக்கு வெளியே பிடாரம் கிருஷ்ணப்பா சிவராம்பேட்டையில் எழுப்பிய ராம மந்திரம் போன்ற இடங்களில் ஊரார் கச்சேரி கேட்டனர். வீடுகளில் கேட்டதென்றால் அது வீட்டுப் பெண்கள் வீணையில் பயின்றதும், வசதி படைத்தோர் வீட்டுக் கிராமபோனும்தாம். சுருள்வில்லை முறுக்கி ஓட்டிய அந்தப் பெட்டியின் ஒரு தட்டில் மூன்று நான்கு நிமிடப் பாட்டே அடங்கும். விரிவான ஆலாபனை அதற்குள் மூச்சுத் திணறியது. அடுத்த அறைக்கு அந்த ஒலி போக வேண்டுமெனில் கதவைத் திறந்து வைப்பதைத் தவிர வழியில்லை.

மின்சாரம் இந்நிலையை மாற்றியது. காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் உற்பத்தியான மின்சாரம் 1902இல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்கவயலுக்குச் சென்றது. மைசூர் நகரத்துக்கு 1908இல்தான் வந்தது. தலைநகருக்கு முன்பே தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் போனது ஏன் என்பதை விளக்க வேண்டியதில்லை. அவ்வளவு தொலைவுக்கு மின்சாரத்தைக் கொண்டுபோக ஓர் உபாயம் கையாளப்பட்டது. மின்னழுத்தத்தை மிக உயர்த்தி அனுப்பினால் கம்பியில் ஓடும் மின்னோட்டம் குறையும். மின்னோட்டம் குறைந்தால் வழியிலேற்படும் இழப்பும் குறையும். சேருமிடத்தில் மீண்டும் அழுத்தத்தை இறக்கிக்கொள்ளலாம். இதே உபாயம் பின்னாளில் ஒலிக்கும் பயன்பட்டது. கோயில் திருவிழாவில் தெரு முழுக்கக் கட்டப்படும் மைக் செட்டின் ஒலிபெருக்கிகள் பலவும் நூறு வோல்ட் கம்பியில் இயங்குபவை. பெருக்கியின் முனையில் ஒரு மின்மாற்றி அழுத்தத்தை ஏற்றுகிறது. ஒவ்வொரு ஒலிபெருக்கியின் முதுகிலும் உள்ள சிறு மின்மாற்றி அதை இறக்குகிறது. தங்கவயலுக்கு மின்சாரம் போன முறையும் மார்கழியில் தெருக்கோடி வரை திருப்பாவை போகும் முறையும் அடிப்படையில் ஒன்றே.

கோபாலசுவாமியிடம் திரும்புவோம். அவர் பொறியாளர் அல்லர். லண்டனில் சார்லஸ் ஸ்பியர்மனிடம் பயின்று திரும்பி, 1924இல் மைசூரில் உளவியல் துறையைத் தொடங்கியவர். இந்தியாவில் கல்கத்தாவுக்கு அடுத்து அமைந்த உளவியல் துறை அது. மனித மனத்தை ஆராயவந்த ஒருவர் வானொலிக் கருவியைத் தம் வீட்டில் நிறுவியதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட இயலாது. கல்லூரியின் சுவர்களுக்கு வெளியே இருப்போரிடமும் கல்வியையும் கலையையும் கொண்டு செல்லும் வழியொன்று அவருக்குத் தேவைப்பட்டிருக்க வேண்டும். அவருக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய வானொலிக் கழகம் 1924 ஜூலை இறுதியில் ஒலிபரப்பத் தொடங்கி, பணமுடையால் 1927இல் நின்றது. அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பை நடத்தியது. சென்னையின் முயற்சி ஒரு கழகத்தினுடையது. மைசூரில் நடந்ததோ ஒரு வீட்டினது.

பின்னர் 250 வாட் ஒலிபரப்பி வந்தது. மைசூர் நகராட்சி பொருளுதவி செய்தது. 1940களின் தொடக்கத்தில் நிலையம் சமஸ்தான அரசின் பொறுப்புக்குச் சென்றது. 1950 ஏப்ரலில் அகில இந்திய வானொலி அதை ஏற்றது. 1955இல் நிலையம் பெங்களூருக்குப் பெயர்ந்தது. வீடு, நகராட்சி, சமஸ்தானம், ஒன்றிய அரசு, தலைநகர் என்று இருபதே ஆண்டுகளில் அந்தக் குரல் படிப்படியாகத் தன் பிறந்த வீட்டிலிருந்து விலகிச் சென்றது. ஒவ்வொரு படியிலும் திறன் கூடியது, கேட்போர் கூடினர், எதை ஒலிக்கச் செய்வது என்று முடிவெடுப்பவரோ கேட்போருக்கு எட்டாத இடத்துக்குப் போய்க்கொண்டே இருந்தார். மைசூருக்கென்று மீண்டும் ஒரு நிலையம் அமைய 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வால்வு வானொலிப் பெட்டி மைசூர் வீடுகளில் நுழைந்த காலத்தில் ஒரு சிறு துளை அதன் முதுகில் இருந்தது. அந்தக் காலத்துப் பெட்டிகள் பலவற்றில் கூடுதல் ஒலிபெருக்கியை இணைப்பதற்கென்றே துளைகள் விடப்பட்டிருந்தன. கூடத்திலுள்ள பெட்டியிலிருந்து இரட்டைக் கம்பி ஒன்றைச் சுவரோரமாக இழுத்துச் சென்று சமையலறையில் ஓர் ஒலிபெருக்கியை மாட்டிவிட்டால், அடுப்படியில் இருப்பவரும் கச்சேரியைக் கேட்கலாம். பல அறை இசை என்பதன் தொடக்கம் இந்நாட்டு வீடுகளில் இதுதான். இதிலும் ஒரு தொல்லை உண்டு. இரண்டு ஒலிபெருக்கிகளைப் பக்கவிணைப்பில் மாட்டினால் மொத்த மின்தடை பாதியாகும். பெருக்கியின் சுமை கூடும். ஓரிடத்தில் ஒலி மங்கும் அல்லது கரகரக்கும். இருப்பினும் ஒரு குறை அதற்கு இருந்ததே இல்லை. கூடத்தில் விழுந்த மிருதங்கத்தின் அடி அதே கணத்தில் அடுக்களையிலும் விழுந்தது. கம்பியில் மின்குறிப்பு ஓடும் வேகத்தில் ஒரு வீட்டின் நீளம் பொருட்டே அன்று. இதனை இங்கே குறித்து வைத்துக்கொள்வது பின்னால் உதவும்.

வானொலியில் இன்னொரு வகை விடுதலையும் இருந்தது. பெங்களூரு நிலையம் பிடிக்காவிட்டால் முள்ளைத் திருப்பலாம். மத்திய அலை வானொலி பகலில் அண்டை ஊர்களோடு நின்றுவிடும்; இரவில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்லும். மைசூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் இரவு நேரங்களில் 1938இல் தொடங்கிய சென்னை நிலையத்தையும் 1939இல் தொடங்கிய திருச்சி நிலையத்தையும் தேடிப் பிடிக்க இந்த இயற்கை விதி துணைநின்றது. 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர் திரையிசையை வானொலியிலிருந்து ஏறக்குறைய விரட்டியபோது, நாடு முழுவதும் முள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பியது. 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கப்பட்டதற்கு முதன்மைக் காரணம் அதுவே. அமைச்சரின் ரசனை எவ்வளவு உயர்ந்ததாயினும், கேட்பவர் கையில் முள் இருந்தவரை அது எடுபடவில்லை.

இதே காலத்தில் இதே ஊரில், பல அறை இசையின் உச்சம் ஒன்று அரண்மனைக்குள் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1940இல் பட்டமேறிய ஜெயசாமராஜ உடையாரைத் தமிழ்நாட்டினர் 1964 முதல் 1966 வரை சென்னை மாநில ஆளுநராக இருந்தவர் என்றே அறிவர். கர்நாடக இசையில் 94 கிருதிகள் இயற்றியவர் அவர். ஐரோப்பிய இசையிலும் தேர்ந்தவர். பியானோக் கலைஞராக வேண்டுமென்ற இளமைக் கனவை அரியணை தடுத்தது. இ.எம்.ஐ. நிறுவனத்தின் ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர் வால்ட்டர் லெக் மைசூருக்கு விருந்தினராக வந்து கண்டவற்றை எழுதியிருக்கிறார். அரண்மனைகளுள் ஒன்றில் இசைத்தட்டு நூலகமும், பலவகை ஒலிபெருக்கிகளும், பெரிய பியானோக்களும் இருந்தன என்பது அவர் சாட்சியம். மன்னரின் இசைத்தட்டுகள் ஏறத்தாழ 20,000 என மதிப்பிடப்பட்டன. ஒரு பியானோக் கான்செர்ட்டோவுக்கே நான்கைந்து தட்டுகள் வேண்டிய காலம் அது என்பதை நினைவிற்கொண்டால், 20,000 என்பது இன்றைய கணக்கில் எவ்வளவு சிறியது, அன்றைய கணக்கில் எவ்வளவு பெரியது என்பது ஒருசேர விளங்கும்.

மன்னர் கேட்பதோடு நிற்கவில்லை. லண்டனில் உடல் நலிவுற்று, பெரிதும் மறக்கப்பட்டு வாழ்ந்த உருசிய இசையமைப்பாளர் நிக்கோலாய் மெட்னரின் படைப்புகளைப் பதிவுசெய்ய அவர் பொருளுதவி அளித்தார். மெட்னர் தம் மூன்றாம் பியானோக் கான்செர்ட்டோவை மைசூர் மன்னருக்குக் காணிக்கையாக்கினார். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இறக்குமுன் எழுதிய நான்கு பாடல்களை 1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட் முதன்முதலாகப் பாடினார். இசைக்குழுவை நடத்தியவர் ஃபுர்ட்வெங்லர். அந்நிகழ்ச்சிக்கு 4,800 டாலர் பொறுப்புறுதி அளித்தவர் மைசூர் மன்னர். அவரால் நேரில் செல்ல இயலவில்லை. எனவே நிகழ்ச்சியை அசிட்டேட் தட்டுகளில் பதிவுசெய்து மைசூருக்குக் கப்பலில் அனுப்ப ஏற்பாடாயிற்று. ஒரு பாட்டைத் தம் அறையில் கேட்பதற்காக ஒரு முழு அரங்கேற்றத்தையே நடத்திவைத்த ரசிகரை வேறு எங்கும் காண்பது அரிது. அதற்கான பணம் ஒரு சமஸ்தானத்தின் செல்வத்திலிருந்து வந்தது என்பதையும் மறக்கலாகாது. கோபாலசுவாமியின் 30 வாட்டுக்கும் இந்த 4,800 டாலருக்கும் இடையிலான தொலைவு மைசூரின் சமூக வரலாற்றில் ஒரு தனி அத்தியாயம்.

கம்பிவழி ஒலிபரப்பு வேறு ஊர்களில் வளர்ந்தது. சிங்கப்பூரில் 1949இல் தொடங்கிய ரீடிஃப்யூஷன், வானொலிப் பெட்டியே இல்லாமல் ஓர் ஒலிபெருக்கியை மட்டும் சுவரில் மாட்டி மாதக் கட்டணத்துக்கு நிகழ்ச்சிகளைத் தந்தது. இந்திய நகரங்களில் அந்த முறை வேரூன்றவில்லை. டிரான்சிஸ்டர் வந்தது, அதன்பின் ஒலிநாடா வந்தது. வீட்டுக்கு ஒரு பெட்டி என்றிருந்தது ஆளுக்கொரு பெட்டியாயிற்று. பல அறைகளுக்கு ஒரே இசை என்ற தேவையே சிலகாலம் மறைந்து, அறைக்கொரு பாட்டு என்ற இரைச்சல் வந்தது. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

எண்ணிம இசை வந்தபோது பழைய ஆசை திரும்பியது. 2001இல் ஸ்லிம் டிவைசஸ் என்னும் சிறு நிறுவனம் கணினியிலுள்ள இசைக் கோப்புகளை வீட்டு வலையமைப்பு வழியே வேறோர் அறையில் ஒலிக்கச் செய்யும் ஸ்லிம்பி3 என்ற கருவியை விற்றது. 2004இல் ஆப்பிளின் ஏர்ட்யூன்சும் 2005இல் சோனோசின் முதல் கருவிகளும் வந்தன. அப்போதுதான் கம்பிக் காலத்தில் எவரும் அறியாத ஒரு சிக்கல் முளைத்தது. கூடத்து மிருதங்கமும் சமையலறை மிருதங்கமும் ஒரே கணத்தில் விழ மறுத்தன.

காரணம் எளிது. ஒவ்வொரு எண்ணிம ஒலிபெருக்கிக்குள்ளும் ஒரு குவார்ட்சு கடிகாரம் உண்டு. வினாடிக்கு 44,100 மாதிரிகளை அது எண்ணி எண்ணி வெளியிடுகிறது. இரண்டு கடிகாரங்கள் ஒருபோதும் முற்ற முழுக்க ஒத்துப்போவதில்லை. பத்து இலட்சத்தில் ஐம்பது பங்கு வேறுபாடு இருந்தாலும், ஒரு மணி நேரக் கச்சேரியின் முடிவில் இரண்டும் 0.18 வினாடி விலகியிருக்கும். தனி ஆவர்த்தனத்தில் அந்த விலகல் தாளத்தையே சிதைத்துவிடும். ஒலி காற்றில் ஒரு மில்லிவினாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் செல்கிறது. சில மில்லிவினாடி வேறுபாட்டை இரண்டடி தள்ளி அமர்ந்ததாகவே காது எடுத்துக்கொள்ளும். நாற்பது ஐம்பது மில்லிவினாடியைத் தாண்டினால் எதிரொலியாகக் கேட்கத் தொடங்கும். இதற்குக் கண்டறியப்பட்ட தீர்வு, ஒரு கருவியின் கடிகாரத்தை எல்லாக் கருவிகளுக்கும் தலைமைக் கடிகாரமாக்குவது. மற்றவை அதனோடு அடிக்கடி நேரம் சரிபார்த்து, தேவையான இடத்தில் ஒரு மாதிரியைக் கூட்டியோ குறைத்தோ ஒட்டிச் செல்கின்றன. தாளம் போடுபவர் ஒருவராகவும் மற்றவர் அவரைப் பின்பற்றுபவராகவும் இருக்கும் மேடை ஒழுங்கை இது நினைவூட்டும். பாட்டைச் சிறிது நேரம் சேமித்து வைத்துப் பிறகே ஒலிக்கச் செய்வதும் இதன் பகுதி. ஏர்ட்யூன்சில் அந்தத் தாமதம் ஏறத்தாழ இரண்டு வினாடி. பாட்டுக்கு அது பொருட்டன்று. தொலைக்காட்சிப் படத்தோடு சேர்த்தால் உதடு ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமுமாகும்.

மைசூருவின் பழைய வீடுகள் இத்தொழில்நுட்பத்துக்கு இசைந்து கொடுப்பவை அல்ல. நடுவில் வானம் பார்த்த முற்றமும் சுற்றிலும் அறைகளுமாக அமைந்த ‘தொட்டி மனெ’ வீடுகளில் சுவர்கள் தடித்தவை. ஐந்து கிகாஹெர்ட்சு வைஃபை அலை அத்தகைய இரண்டு சுவர்களைக் கடப்பதற்குள் நலிந்துவிடும். அலையலையாகப் புதுக் கருவிகளை வாங்குவதைக் காட்டிலும், முற்றத்தின் இருபுறமும் ஒவ்வோர் அணுகுமுனையை வைத்து இடையே ஓர் ஈதர்நெட் கம்பியை இழுப்பதே பயன்தரும். எழுபது ஆண்டுகளுக்கு முன் வானொலிப் பெட்டியின் முதுகிலிருந்து சுவரோரமாகக் கம்பி சென்ற அதே பாதையில் இன்று இந்தக் கம்பியும் செல்லலாம்.

ஆனால் கம்பியைவிடப் பெரிய வினா ஒன்று உண்டு. இசை எங்கே இருக்கிறது என்பதே அது. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. காணாவும் சாவனும் அதற்கு முன்பே வந்தவை. கோடிக்கணக்கான பாட்டுகள் அவற்றில் உள்ளன. மன்னரின் 20,000 தட்டுகள் அதில் ஒரு துளி. எனினும் உரிம ஒப்பந்தம் முடிந்தால் ஒரு பாட்டு முன்னறிவிப்பின்றி மறைந்துவிடும். கருவிகளின் கதையும் அவ்வாறே. ஸ்லிம் டிவைசசை 2006இல் வாங்கிய லாஜிடெக் 2012இல் அந்தக் கருவி வரிசையையே கைவிட்டது. கூகுள் 2015இல் வெளியிட்ட குரோம்காஸ்ட் ஆடியோவை 2019இல் நிறுத்தியது. அவற்றுள் ஸ்லிம் டிவைசசின் மென்பொருள் திறந்த மூலமாக இருந்தமையால், நிறுவனம் கைவிட்ட பின்னும் பயனர்களே அதைப் பேணி வருகிறார்கள். சிறிய கணினி ஒன்றில் அதை நிறுவி, சொந்தக் கோப்புகளை வைத்துக்கொண்டு, வீடு முழுதும் இசையை ஓடவிடுவோர் இன்றும் உளர்.

கர்நாடக இசை கேட்போருக்கு இன்னொரு இழப்பும் நேர்ந்திருக்கிறது. வானொலி அறிவிப்பாளர் பாட்டுக்கு முன் ராகம், தாளம், இயற்றியவர் ஆகியவற்றைச் சொன்னார். வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்று பெயர் சொல்லி அறிவித்தார். ஓடை இசைச் செயலிகள் பாடகர், தொகுப்பு என்ற இரண்டு கட்டங்களுக்குள் எல்லாவற்றையும் அடைக்கப் பார்க்கின்றன. திரையிசைக்கும் மேற்கத்திய வெகுசன இசைக்கும் வகுத்த அந்தக் கட்டங்களில் பக்கவாத்தியக்காரருக்குப் பெரும்பாலும் இடமில்லை. பெயர் இல்லாதவரைத் தேடவும் முடியாது. வீட்டிலேயே கோப்புகளை வைத்திருப்பவர் தாமே அந்த விவரங்களை நிரப்பிக்கொள்ளலாம். அதற்குச் சில ஞாயிற்றுக்கிழமைகள் செலவாகும்.

லண்டனில் 1950 மே 22 இரவு பதிவான அசிட்டேட் தட்டுகள் பின்னாளில் நெடுந்தட்டாக மாற்றப்படுமுன் மிகவும் தேய்ந்துபோயிருந்தன. அசிட்டேட் மென்மையானது; ஊசி ஒவ்வொரு முறை ஓடும்போதும் சிறிது சுரண்டிச் செல்லும். ஆகவே இன்று அந்தப் பதிவைக் கேட்போர் ஃபிளாக்ஸ்டாடின் குரலோடு அந்தத் தேய்மானத்தின் இரைச்சலையும் சேர்த்தே கேட்கிறார்கள்.